கிண்ணத்தின் உடைசலை நிரப்பிய எப்பாக்சி: வருடங்கள் கழித்து ஒரு புலம்பல்

தம்பி ஒருத்தன் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் மடக்கிக் கேட்டான்: "அக்கா, அந்தப் பச்சைக் கிண்ணத்துக்கு ஊத்துனீங்களே ஒரு எப்பாக்சி, இப்போ விலை இறங்கியிருக்கு. வாங்கிடவா?" நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற கதையா அது? அதனால் எழுதுகிறேன். எப்பாக்சி என்றால் இரண்டு திரவங்களைக் கலந்தால் கெட்டியாக இறுகிவிடும் பசை. பிராண்டுப் பெயர் வேண்டாம்.

கிண்ணம் அம்மாவுடையது, அச்சில் வார்த்த கனமான கண்ணாடி. சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு மாறியபோது லோரியில் விளிம்பு போய்விட்டது. துண்டு கிடைத்திருந்தால் ஒட்டியிருக்கலாம். தூளாகிவிட்டதால் நிரப்புவது ஒன்றுதான் வழி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றிலும் ஒரே வைர வெட்டு திரும்பத் திரும்ப வருகிற கிண்ணம் அது. உடையாத பக்கத்தில் சிலிக்கோன் மாவை அழுத்தி அச்செடுத்து, அதையே ஓட்டையின் வெளிப்பக்கம் வைத்துக் கட்டினேன். உள்பக்கத்துக்குப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் மெழுகுத் தகடு. குமிழி வராமல் பல்குச்சி வழியாகப் பசையைச் சொட்ட விட்டேன். அச்சைப் பிரித்தபோது வெட்டின் கூர்கூட மழுங்காமல் வந்திருந்தது! ஒரு பொருளுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று காட்டுவது ஒளிவிலகல் எண், சாதாரணக் கண்ணாடிக்கு அது சுமார் 1.52. பசையும் அதை ஒட்டியே இருந்தால் சேர்ந்த கோடு கண்ணுக்குத் தப்பிவிடும். அருங்காட்சியகங்களில் பேர்பெற்ற ஹெக்ஸ்டல் என்.ஒய்.எல்.-1 என்கிற எப்பாக்சி அப்படிப்பட்டதுதான், ஆனால் இறுக ஒரு வாரம் எடுக்கும். என்னுடையது ஒரே இரவில் இறுகியது. இன்றுவரை விரிசல் இல்லை.

நம் ஊர் ஈரக்காற்றில் மேலே பிசுபிசுவென்று ஒரு படலம் வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்தால் போய்விடும். மஞ்சளாவது எல்லா எப்பாக்சிக்கும் உள்ள வியாதி, வெயில் படாமல் வைத்தால் மெதுவாக வரும். மஞ்சளாகாத அக்ரிலிக் பசை பேரலாய்டு பி-72 இருக்கிறதே என்பீர்கள். அது 40 டிகிரியில் இளகத் தொடங்கும். தகரக் கூரை வீட்டின் மதியத்தை நம்பி அதை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இனி என் வயிற்றெரிச்சல். பகலில் ஜன்னலோரம் வையுங்கள், எந்த இடம் புதிது என்று நானே தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரவில் வெள்ளை எல்.இ.டி. விளக்கைப் போட்ட நொடியில் அந்த இடம் மட்டும் பழுத்த வெற்றிலை நிறத்தில் பல்லிளிக்கும். கண்ணாடியின் பச்சை இரும்பு, குரோமியம் போன்றவற்றின் ஆக்சைடுகளால் வருவது. பசையில் கலப்பதோ சாயம். இரண்டும் ஒளியை விழுங்கும் விதமே வேறு. பகல் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்துக் கலந்ததால் அந்த வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரிகின்றன. வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் நீல ஒளி விடும் சில்லின் மேல், அதில் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்றும் பாஸ்பர் பூசியது, அதில் சில நிறங்கள் மெலிவு. உடனே குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. விளக்கடியில் கலந்தால் பகலில் மாட்டிக்கொள்வோம். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு ஆட்கள் வருவதோ இருட்டிய பிறகு. முறுக்கை எடுக்கிற கை அந்த இடத்தில் நின்று, "இங்க என்னங்க ஆச்சு?" என்று கேட்காத வருடம் இல்லை.

பசை மேல் பழி போட நியாயமில்லை, தெரியும். பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். தம்பி வைத்திருப்பது நிறமில்லாத ஜாடி, சாயமே தேவைப்படாது, இந்தத் தொல்லை அவனுக்கு வராது. சூடான பதார்த்தம் வைக்காமல், அளவை எடை போட்டுக் கலந்தால் போதும். ஆனாலும் வாங்காதே என்றுதான் சொல்வேன். அந்தப் பாட்டிலைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் ஹாலில் மஞ்சள் பல்ப் மாட்டிவிட்டேன். கிண்ணம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பேப்பர் படிக்க முடியவில்லை என்று வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார். வாசல் அஞ்சடி நடையில் போய் உட்கார்ந்து படிக்கட்டும்.