கடைசி ஒரு சாண்: இங்கிலாந்தின் டே டிக்கெட் ஏரிகளில் கெண்டைத் தூண்டில், பல பருவப் பயன்பாட்டுக்குப் பின்

உறுப்பினர் சந்தாவும் காத்திருப்புப் பட்டியலும் இல்லாமல், அன்றைக்குக் காசு கட்டி அன்றைக்கே தூண்டில் போடக்கூடிய ஏரியைத்தான் இங்கிலாந்தில் டே டிக்கெட் ஏரி என்கிறார்கள். ஆக்ஸ்போர்டுஷயரின் லீனியர் ஃபிஷரீஸ் போல, சரளைக்கல் தோண்டிய குழிகளில் நீர் நிறைந்து உருவானவை ஒரு வகை. பண்ணை நிலத்தில் வெட்டிய இரண்டு மூன்று ஏக்கர் குளங்கள் இன்னொரு வகை. இரண்டிலும் மீனுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கே நீந்தும் ஒவ்வொரு கெண்டையும் பலமுறை பிடிபட்டு, விடப்பட்டு, மறுபடி பிடிபட்டது. நீட்டி இழுத்த தூண்டில் நரம்பு, கொட்டிக் கிடக்கும் இரை, கரையில் முளை அடிக்கும் சுத்தியல் சத்தம் என்று எல்லாமே அதற்குப் பழக்கம்.

அதனால்தான் இங்கே சாமான்களை எடைபோடும் விதமே வேறு. விலையுயர்ந்த ராடுக்கும் நடுத்தர விலை ராடுக்கும் மீன் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியாது. முள், அதைக் கட்டிய ஹூக்லிங்க் என்ற குட்டை நரம்பு, அதில் தொங்கும் இரை ஆகிய கடைசி ஒரு சாணில்தான் தெரியும். பல பருவங்கள் இதே ஏரிகளில் புழங்கிய சாமான்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் பாதி அந்த ஒரு சாணைப் பற்றியதே.

முதலில் சட்டம், சுருக்கமாக. 13 வயது நிரம்பியவர்கள் எல்லோருக்கும் சூழல் முகமை (Environment Agency) என்ற அரசு அமைப்பின் ராட் லைசென்ஸ் வேண்டும். 13 முதல் 16 வயது வரை இலவசம், ஆனாலும் எடுத்தே ஆகவேண்டும். ஏரிக்குக் கட்டும் காசு இதில் சேராது. இரண்டு ராடு வரை ஒரு லைசென்ஸ், மூன்று ராடு வைத்தால் அதற்கென்று தனி லைசென்ஸ். இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடைக்காலம் உண்டு. பெரும்பாலான ஏரிகளுக்கு அது இல்லை. நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று: இந்த ஏரிகளில் பிடிக்கும் கெண்டை குழம்புக்கு இல்லை. தனியார் ஏரி மீனை எடுத்துச் செல்வது 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தின் கீழ் குற்றம். 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்து விடப்பட்ட சாதா கெண்டையும் இதுவும் ஒரே இனம்தான். ஆனால் இங்கே ஒரு பெரிய கண்ணாடிக் கெண்டைக்கு (மிரர் கார்ப்) பெயரே வைத்திருப்பார்கள்.

இனி அந்த ஒரு சாண். முள் 6ஆம் எண், வாய் அகன்ற வடிவம். இரை பெரிதென்றால் 4 (எண் குறைந்தால் முள் பெரிது). பெரும்பாலான ஏரிகள் பார்ப்லெஸ், அதாவது முனைக்குப் பின்னால் எதிர்க்கொக்கி இல்லாத முள்ளைத்தான் அனுமதிக்கும். முனையை நகத்தின் மேல் லேசாக இழுத்தால் அது அங்கேயே பிடித்து நிற்க வேண்டும். வழுக்கினால் அந்த முள்ளின் ஆயுள் முடிந்தது. சரளைத் தரையில் ஒரே ஒருமுறை இழுத்தாலே முனை மடங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. மீன் இழுத்தால் ஒலிக்கும் பைட் அலாரம் ஓரிரு முறை கத்திவிட்டு அடங்கிப் போவது, கரைக்கு வரும் வழியில் மீன் கழன்று போவது என்று புலம்புகிறவர்களில் பலர் காலையில் கட்டிய முள்ளையே மாலை வரை வைத்திருப்பவர்கள். ஒரு மீனுக்கு ஒரு முள் என்று கணக்கு வைத்தாலும், ஒரு பருவத்து முள் செலவு ஒரு பைட் அலாரத்தின் விலையைத் தொடாது.

கட்டுவது ஹேர் ரிக். லென்னி மிடில்டனும் கெவின் மேடாக்ஸும் வகுத்த இந்த முறையில் இரை முள்ளில் குத்தப்படுவதில்லை, பக்கத்தில் ஒரு மெல்லிய இழையில் தொங்கும். கெண்டை இரையை உறிஞ்சிப் பார்த்துத் துப்பும் பழக்கமுடையது. துப்பும்போது இரை வெளியேறப் பார்க்கும், முள் கீழுதட்டில் பிடிக்கும். 20 அல்லது 25 பவுண்டு பூச்சுப் பின்னல் நரம்பில் 15 முதல் 18 சென்டிமீட்டர் போதும். முள்ளுக்கு அருகே 2 சென்டிமீட்டர் பூச்சை உரித்துவிட்டால் முள் தாராளமாகத் திரும்பும். முடிச்சு நாட்லெஸ் நாட்: தண்டின் மேல் 7 அல்லது 8 சுற்று. நரம்பு கடைசியில் முள்ளின் கண் துளையிலிருந்து முள்முனை பார்க்கும் பக்கமாக வெளியே வர வேண்டும். மறுபக்கமாக வந்தால் முள் திரும்பாது. புதிதாகக் கட்டுபவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். கட்டியதும் உள்ளங்கையில் வைத்து ஹூக்லிங்கை மெதுவாக இழுத்துப் பாருங்கள். முள் புரண்டு முனை கீழ்நோக்கிக் குத்தினால் சரி, தட்டையாகவே வழுக்கி வந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். முள் வளைவுக்கும் இரைக்கும் இடையே அரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

இரையின் எடையும் அதே அளவு முக்கியம். தரையில் கிடக்கும் சாதாரண 15 மி.மீ. பாய்லியை (வேகவைத்த இரை உருண்டை) முள்ளோடு சேர்த்து உறிஞ்சும்போது அது மந்தமாக எழும். பழகிய மீன் அதை வைத்தே சந்தேகப்படும். மெதுவாக மூழ்கும் வேஃப்டர் இரை முள்ளின் எடையை ஈடுகட்டிவிடும். நாள் முழுக்க ஒரே ஒரு இரைதான் என்று கட்டுப்பாடு வைத்தால் எடுக்க வேண்டியது 12 முதல் 15 மி.மீ. வேஃப்டர். பாசியோ மென்சேறோ உள்ள இடத்துக்கு மட்டும் மிதக்கும் பாப்-அப். எதுவானாலும் வீசுவதற்கு முன் கரையோரத் தண்ணீரில் போட்டு, எப்படி உட்காருகிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஹூக்லிங்குக்கு மேலே ஈயம். இரண்டரை அவுன்ஸுக்குக் குறைந்தால் முள் தானாக ஏறுவது சிரமம். 3 அவுன்ஸ் பத்திரம். 1987இல் 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையிலான ஈய எடைகளை, அவற்றை விழுங்கி அன்னப்பறவைகள் இறந்ததால், பிரிட்டன் தடைசெய்தது. கெண்டைக்காரர்கள் வீசுவது அதைவிடக் கனம் என்பதால் இன்னும் ஈயமாகவே கடையில் கிடைக்கிறது. ஈயக் கிளிப்பின் வேலை ஈயத்தைப் பிடித்து வைப்பது மட்டுமல்ல, தேவையானபோது விட்டுவிடுவதும்தான். பின்னால் மாட்டும் ரப்பரை முழுபலத்தோடு அழுத்திவிட்டால் பாசியில் சிக்கும்போது ஈயம் கழலாது. நரம்பு அறுந்தால் மீன் ஈயத்தை இழுத்துக்கொண்டே திரிந்து சாகும். ரப்பர் பாதியளவு ஏறினால் போதும். ஈயத்தைக் கையில் பிடித்து இழுத்தால் கழல வேண்டும், வீசும்போது கழலக் கூடாது. பல ஏரிகள் லெட்கோரையும் (உள்ளே ஈயக் கம்பி ஓடும் பின்னல் நரம்பு), ரீலிலிருந்து வரும் மெயின் லைனாகப் பின்னல் நரம்பையும் தடைசெய்வதற்குக் காரணமும் இதே அக்கறைதான்.

மெயின் லைனுக்கு 15 பவுண்டு, 0.35 மி.மீ. நைலான் மோனோவே பொருத்தம். ஃப்ளூரோகார்பன் அதைவிட வேகமாக மூழ்கித் தரையோடு படியும்; ஆனால் ஸ்பூலில் சுருண்ட வடிவம் போகாது, முடிச்சில் அவசரப்பட்டால் வெட்டிக்கொள்ளும். நைலான் வெயிலிலும் நீரிலும் மெல்ல வலுவிழக்கிறது. அது முதலில் தெரிவது முடிச்சில். மாதம் இருமுறையாவது போகிறவர்கள் பருவத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறை போகும்போதும் கடைசி 3, 4 மீட்டரை வெட்டி எறிந்துவிட வேண்டும். முடிச்சை இறுக்குவதற்கு முன் எச்சில் தொட்டு நனைக்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

ரீலில் ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் பெரியது. தூரம் ஒரே மாதிரி வர ஸ்பூல் கிளிப்பில் நரம்பை மாட்டி வீசுவது வழக்கம். ஈயம் தரை தொட்டதும் அதை எடுத்துவிட மறந்தால் முதல் ஓட்டத்திலேயே நரம்பு படீரென்று அறும். தூரத்தை அளக்க 12 அடி இடைவெளியில் இரண்டு குச்சிகள் நட்டு நரம்பைச் சுற்றுவார்கள்: ஒரு சுற்று 4 கஜம், 15 சுற்று 60 கஜம், அதாவது 55 மீட்டர். சிறிய ஏரிகளில் இதற்கு மேல் தேவைப்படுவது அபூர்வம். 10 அடி, 3 பவுண்டு டெஸ்ட் கர்வ் (ராடின் முனையைச் செங்கோணமாக வளைக்கத் தேவைப்படும் எடை) ராடு போதும். மரக்கிளை தாழ்ந்த இடங்களில் 12 அடி ராடு தொல்லைதான்.

ராடில் நாள்பட்டுக் கெடுவது வளையங்களின் உள்விளிம்பு. ஒரு மயிரிழை விரிசல் போதும், நரம்பைச் சீவிக்கொண்டே இருக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியை வளையத்துக்குள் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு இழை மாட்டினால் அந்த வளையத்தை மாற்ற வேண்டும். ரீலில் முதலில் தேய்வது லைன் ரோலர். மணல் புகுந்து அது சுழலாமல் நின்றுவிட்டால் நரம்பு முறுக்கிக்கொள்ளும். அலாரத்தில் கெடுவது பேட்டரிப் பெட்டியின் தொடுமுனை. மழையில் நனைந்ததை அப்படியே உறைக்குள் போட்டு மூடுவதால் பச்சை பிடிக்கிறது. வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றித் திறந்து வையுங்கள். சாமான்களைத் தள்ளிச் செல்லும் பேரோ வண்டியின் காற்றடைத்த சக்கரம் முட்புதர் ஓரப் பாதைகளில் தாங்காது, திட ரப்பர் சக்கரம் வாங்குவது நல்லது.

இரையைப் பற்றி ஒரே ஒரு கருத்து: குறைவாகப் போடுங்கள். முந்தைய நாள் வந்தவர் கொட்டிய இரையும் அதற்கு முந்தைய நாள் இரையும் உங்கள் முன்னாலேயே கிடக்கலாம். குளிர்காலத்தில் ராடுக்கு 10, 15 பாய்லியோ நீரில் கரையும் ஒரு சிறிய பிவிஏ பையோ போதும். கோடையில் மீன் தின்பது கண்ணில் தெரிந்த பிறகு அரைக் கிலோ. நீர் 8 டிகிரிக்குக் கீழே போனால் எண்ணெய் மிகுந்த பெல்லட்டை விட்டுவிடுங்கள், கெண்டைக்கு அது எளிதில் செரிக்காது. பிவிஏ பைக்குள் ஈரம் ஆகாது: டின் சோளத்தைத் தண்ணீரோடு போட்டால் கையிலேயே கரையும், எண்ணெய் தடவிய பெல்லட் கரைக்காது. சணல் (ஹெம்ப்) விதை, டைகர் நட், மக்காச்சோளம் எல்லாவற்றையும் 24 மணி நேரம் ஊறவைத்து அரை மணி நேரம் கொதிக்கவைத்தே போட வேண்டும். உலர்ந்த விதை மீனின் குடலுக்குள் ஊதும். இதனால்தான் பல ஏரிகள் பருப்பு, விதை வகைகளை அடியோடு தடுக்கின்றன. சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

எங்கே உட்காருவது? கார் நிறுத்துமிடத்துக்கு அருகில் உள்ள முதல் ஸ்விம்மில், அதாவது தூண்டில் போடும் இடத்தில், சாமான்களை இறக்குவதே பெரும்பாலானவர்கள் நாளை வீணடிக்கும் வழி. விடிந்ததும் பேரோவை விட்டுவிட்டு ஏரியை ஒரு சுற்று சுற்றுங்கள். துள்ளும் மீன், கொத்தாக எழும் குமிழி, கலங்கிய நீர், இவை எங்கே தெரிகிறதோ அங்கே. வசந்தத்தில் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெதுவெதுப்பான தென்மேற்குக் காற்று வீசினால் அது மோதும் கரையைப் பாருங்கள். குளிர்ந்த வடகிழக்குக் காற்று வீசினால் அதற்கு முதுகு காட்டும் மறைவான மூலை. சனி, ஞாயிறுகளில் நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும்போது மீன் யாரும் வீசாத இடத்துக்கு ஒதுங்கும், பல நேரம் அது உங்கள் காலடிக் கரைதான். ஏரித் தரையை அறிய வெறும் ஈயத்தை வீசி நரம்பை இறுக்கமாகப் பிடியுங்கள். டொக் என்று தட்டினால் கெட்டித் தரை, இழுக்கும்போது கடகடவென்றால் சரளை, வெண்ணெய் போல வழுகினால் சேறு, தட்டும் உணர்வே இல்லாமல் பிடித்துக்கொண்டால் பாசி. பாசியை ஒட்டிய கெட்டித் திட்டு கிடைத்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

மீன் மாட்டிய பின் பார்ப்லெஸ் முள்ளுக்கு நரம்பு ஒரு நொடிகூடத் தொய்யக் கூடாது. வலை 42 அங்குலம், அதை முன்கூட்டியே நீரில் நனைத்து வையுங்கள். மீனைக் கிடத்தும் மேட் என்ற மெத்தையும் நனைந்திருக்க வேண்டும், பக்கத்தில் ஒரு வாளி ஏரித் தண்ணீர். கோடையில் வெயிலில் கிடந்த கறுப்பு மேட்டில் நனைக்காமல் மீனை வைப்பது அதன் வழுவழுப்புப் படலத்தைச் சுட்டு உரிப்பதற்குச் சமம். மீனோடு எழுந்து நிற்காதீர்கள். மேட்டுக்கு மேலேயே மண்டியிட்டுப் படம் எடுங்கள். எடை போடும் துணியை நனைத்த பிறகே தராசைச் சுழியத்துக்கு வையுங்கள். எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும்.

வலையில் முதலில் உடைவது வலைச் சட்டத்தின் இரண்டு கைகளும் சேரும் ஸ்பிரெடர் பிளாக். மீன் உள்ளே இருக்கும்போது கைப்பிடியோடு சேர்த்துத் தூக்குவதால் அது விரிசல் விடுகிறது. கைகளை மடக்கி, வலையைச் சுருட்டி, துணியைப் பிடித்துத் தூக்குங்கள். வலையையும் மேட்டையும் ஈரத்தோடு அடுத்த ஏரிக்குக் கொண்டுபோகாதீர்கள். கோய் ஹெர்பிஸ் வைரஸ் நீர் 16 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பாகும்போது ஒரு ஏரியின் கெண்டைகளையே அழிக்கக்கூடியது, அது ஈர வலையிலும் பயணம் செய்யும். வாசலில் கிருமிநாசினித் தொட்டி இருந்தால் பலகையில் எழுதியிருக்கும் நேரம் முழுதும் முக்கி எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் வெயில் படும் இடத்தில் விரித்துப் போடுங்கள். தடித்த நுரை மேட் உள்ளே காய இரண்டு மூன்று நாள் ஆகும். மேல்துணி காய்ந்ததை நம்பிச் சுருட்டி வைக்காதீர்கள்.