கொழிஞ்சாம்பாறையிலிருந்து கலூருக்கு: காரா, வேனா, ரயிலா?

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டத்து எல்லையில். இந்தப் பக்கம் ரேஷன் கார்டு கேரளாவுடையது, வீட்டுப் பேச்சு தமிழ். பந்து உருள ஆரம்பித்தால் மட்டும் தெரு இரண்டாகிவிடும்: பாதிப் பேர் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள், மீதிப் பேர் சென்னையின் எஃப்.சி.யின் நீலம். நான் நீலமானது 2014 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கால்பந்து அரையிறுதியில். கொச்சியில் 3-0 என்று வாங்கிக்கொண்டு வந்த சென்னையின் அணி, சென்னையில் அந்த மூன்றையும் திருப்பிக் கொடுத்தது. கூடுதல் நேரத்தில் பிளாஸ்டர்ஸின் ஸ்டீபன் பியர்சன் அடித்த ஒற்றை கோல் அத்தனையையும் கெடுத்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அப்படி ஒட்டிக்கொண்டது இன்னும் விடவில்லை.

ஆக, எங்களுக்கு எதிரணி மைதானம் சொந்த மாநிலத்திலேயே இருக்கிறது. கொச்சியின் கலூர் ஸ்டேடியத்தில் ஆட்டம் என்றால் காலையில் கிளம்பி மறுநாள் விடிவதற்குள் வீடு சேரலாம். போவது பிரச்சினையே இல்லை. பெரும்பாலும் ஆட்டம் 7:30-க்குத் தொடங்கும், விசில் அடிக்க ஒன்பதரை, கூட்டத்தில் நகர்ந்து ரோட்டுக்கு வரப் பத்தாகிவிடும். பத்து மணிக்கு மேல் எப்படித் திரும்புவோம் என்பதை வைத்துத்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் பலரும் காலைப் பயணத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிட்டு ராத்திரி முழிப்பார்கள்.

நாலு பேர் சேர்ந்தால் கார் மலிவு. பாலக்காடு போய் 544-ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் கிட்டத்தட்ட நேர்கோடு. முன்பு குதிரான் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்த காலம் உண்டு. 2021-இல் சுரங்கப்பாதையின் ஒரு குழாயும் அடுத்த ஆண்டு இன்னொன்றும் திறந்த பிறகு அந்தத் தொல்லை போயிற்று. நெரிசல் என்னவோ போகவில்லை, திருச்சூருக்கு அந்தப் பக்கம் குடிபோய்விட்டது. ஆம்பல்லூர், முரிங்ஙூர் பக்கம் அடிப்பாதை வேலை நடந்தபோது நின்ற இடத்திலேயே வேர்க்கடலை ஒரு பொட்டலம் தீர்ந்தது. பன்னியங்கரை, பாலியேக்கரை என்று டோலும் இரண்டு.

காரில் போவதென்றால் ஒன்று சொல்கிறேன்: கலூருக்குள் ஓட்டிப் போகாதீர்கள். ஆலுவா மெட்ரோ ஸ்டேஷனில் நிறுத்திவிட்டு மெட்ரோ ஏறுங்கள். ஆலுவாவையும் சேர்த்து எண்ணினால் பன்னிரண்டாவது நிலையம் ஜே.எல்.என். ஸ்டேடியம், இறங்கினால் எதிரிலேயே மைதானம். திரும்பும்போதும் நகர நெரிசல் மிச்சம். ஆட்ட நாள்களில் கடைசி மெட்ரோவைத் தள்ளி வைத்ததுண்டு, ஆனால் அன்றைய நேரத்தைக் கேட்டுக்கொண்டு உள்ளே போவது நல்லது. ஆட்டம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திவிட்டு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஸ்டியரிங் பிடிக்கப்போகிறவர் யார் என்பதையும் ஊரிலேயே முடிவு செய்யுங்கள். எங்களில் அந்த வேலைக்கு எப்போதும் மாட்டுவது ஃபுட்பாலே பிடிக்காத மச்சான் ஒருவர். பின் சீட்டில் எல்லாரும் குறட்டை விட, அவர் மட்டும் பாட்டுப் போட்டுக்கொண்டு கண்ணைக் கசக்குவார்.

வேன் ஜாலிதான். பொள்ளாச்சியில் பேசினால் வாடகை குறைவு என்று ஓடாதீர்கள். தமிழ்நாட்டு வாடகை வண்டி எல்லை தாண்ட கேரளாவுக்குத் தனியாக வரி கட்ட வேண்டும், அது கடைசியில் நம் தலையில்தான் விடியும். கே.எல். நம்பர் போட்ட கேரள வண்டியே பேசுங்கள். பன்னிரண்டு பேர் போகும் வேன் பன்னிரண்டு இடத்தில் நிற்கும் என்பதைக் கணக்கில் வையுங்கள். ஒருமுறை புரோட்டாவும் பீஃபும் முடித்துப் போய்ச் சேர்ந்தபோது முதல் கோல் விழுந்திருந்தது.

பஸ்ஸைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ராத்திரி கோயம்புத்தூர் பக்கம் போகும் வண்டி கிடைக்கும். சீட்டு கிடைப்பது அன்றைய யோகம்.

இரண்டு மூன்று பேர் என்றால் நான் ரயிலுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் வரும் இன்டர்சிட்டியை மதியம் பாலக்காட்டில் பிடித்து ஆலுவாவில் இறங்கினால், நடக்கும் தூரத்தில் மெட்ரோ. நீல ஜெர்சிக்கு மேல் ஒரு சட்டை மாட்டிக்கொள்ளுங்கள். யாரும் அடிக்க மாட்டார்கள். ஆனால் மெட்ரோ பெட்டி முழுக்க மஞ்சளாக இருக்கும்போது நீங்கள் ஒருவர் நீலமாக நின்றால், இறங்கும்வரை 'எந்தா மோனே' (என்னடா மகனே) என்று கேலி ஓயாது. தண்ணீர் பாட்டிலை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அதனால் வயிறு நிறையக் குடித்துவிட்டுப் போங்கள்.

திரும்ப அம்ரிதா எக்ஸ்பிரஸ். மெட்ரோவில் இரண்டே நிறுத்தம், டவுன் ஹாலில் இறங்கினால் எர்ணாகுளம் டவுன் ஸ்டேஷன் பக்கத்தில். ரயில் அங்கே வருவது நள்ளிரவு தாண்டி. இங்கேதான் ஒருமுறை சறுக்கினேன். ஆட்ட நாள் தேதிக்கே முன்பதிவு செய்தேன். அந்தத் தேதியின் வண்டி, நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த முந்தின ராத்திரியே போய்விட்டிருந்தது. பிளாட்பாரத்தில் கோச் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ஆட்டத்துக்கு அடுத்த நாள் தேதி போட வேண்டும், மறக்காதீர்கள்.

அன்றைக்கு ஜெனரல் டிக்கெட் எடுத்து, கதவோரம் பையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்தேன். பாலக்காடு டவுனில் இறங்குவதாக ஏற்பாடு. ஒரு பெரியவர் தோளைத் தட்டி, "தம்பி, பொள்ளாச்சி வந்துருச்சு, எறங்கலீங்களா?" என்றார். டிக்கெட்டை யாரும் கேட்காதது என் நல்ல நேரம்.

பதறிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், கோபாலபுரம் வழியாகப் பாலக்காடு போகும் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கொழிஞ்சாம்பாறை அந்த ரோட்டில்தான், பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் கிட்டத்தட்ட நடுவில். டவுனில் சரியாக இறங்கியிருந்தால் அந்த அகால நேரத்தில் பஸ் இல்லாமல் விடியும்வரை கொசு அடித்திருப்பேன். இப்போதெல்லாம் பொள்ளாச்சிக்கே டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.