ஆலன் நிறுவனத்தின் வளரும் சுண்டெலி மூளை அட்லஸ்: நொதி தேடுபவர்களுக்கு ஒரு மதிப்பீடு

வளரும் மூளையில் ஒரு நொதிக்கான மரபணு எங்கே, எந்த வயதில் விழித்துக்கொள்கிறது என்று தேடுபவர்கள் முதலில் திறக்க வேண்டியது இந்த இலவச இணைய அட்லஸைத்தான். சுமார் 2,100 மரபணுக்கள், 4,34,946 படங்கள். ஒரு மரபணுவின் ஆர்என்ஏ (மரபணு விழித்ததும் உருவாகும் அதன் நகல்) இருக்கும் இடம் மூளைத் துண்டுகளில் நிறமேறித் தெரியும். கருவின் 11.5, 13.5, 15.5, 18.5ஆம் நாட்கள், பிறந்த பின் 4, 14, 28ஆம் நாட்கள் என ஏழு வயதுகள். இடத்தைக் காட்டுவதில் இதற்கு இணை சொல்வது கடினம்.

அளவு கேட்டால்தான் சிக்கல். நிறமேற்றும் முறையில் டைரமைடு பெருக்கம் (மங்கலான நிறக் குறியைப் பெருக்கிக் காட்டும் வேதி உத்தி) இருப்பதால் நிறத்தின் அடர்த்தி ஆர்என்ஏ அளவுக்கு நேர்விகிதத்தில் ஏறாது. மென்பொருள் தரும் ‘வெளிப்பாட்டு ஆற்றல்’ எண்ணையும் (ஒரு பகுதியில் எவ்வளவு இடம், எவ்வளவு அடர்த்தியாக நிறமேறியது என்பதைச் சேர்த்துச் சொல்வது) வயதுக்கு வயது நேரடியாக ஒப்பிடக் கூடாது. மூளையின் வெளி அடுக்கான புறணி வளர வளர செல்களுக்கு இடையே நரம்பிழைகள் நிறைந்து செல்கள் விலகுகின்றன. ஒவ்வொரு செல்லும் முன்போலவே ஆர்என்ஏ தயாரித்தாலும் எண் இறங்கிவிடும். திசு மடிப்பும் காற்றுக் குமிழியும்கூடச் சில நேரம் வெளிப்பாடாகக் கணக்கில் ஏறும். ஆகவே மென்பொருள் தரும் வண்ண வரைபடத்தோடு மூலப் படத்தையும் திறந்து வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இது காட்டுவது ஆர்என்ஏவை, நொதியை அல்ல. நரம்புச் செய்தி கடத்தும் அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியான அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் நல்ல உதாரணம். எலிக்குட்டிகளின் முதல் வாரங்களில் புறணியின் நான்காம் அடுக்கில் இந்த நொதியின் செயல் பளிச்சென்று தெரிந்து பிறகு மறையும். அது மூளையின் ஆழத்தில் உள்ள தலாமஸிலிருந்து வரும் ஆக்சான்கள் (நீண்ட நரம்பிழைகள்) சுமந்து வந்தது. ஆர்என்ஏ இருப்பது தலாமஸில். அட்லஸை மட்டும் நம்பினால் தவறான இடத்தில் தேடுவீர்கள்.

நரம்பு செல்களுக்கிடையே செய்தி கடத்தும் காபாவைத் தயாரிக்கும் ஜிஏடி67 நொதி இன்னும் நுட்பமானது. கருவில் இதன் ஆர்என்ஏவில் 80 அல்லது 86 காரங்கள் (ஆர்என்ஏவின் ‘எழுத்துகள்’) நீளமுள்ள கூடுதல் எக்ஸான், அதாவது ஒரு துண்டு, சேர்கிறது. அதிலுள்ள நிறுத்தக் குறியால் பிறக்கும் ஜிஏடி25 என்ற குட்டைப் புரதம் நொதியாக வேலை செய்யாது. ஆர்என்ஏவைத் தேடி ஒட்டும் புரோப் எக்ஸானின் இரு புறமும் நீண்டிருந்தால் இரண்டு வடிவமும் ஒரே நீலமாகத் தெரியும். சோதனைப் பக்கத்தில் புரோப் வரிசையைச் சரிபாருங்கள்; எக்ஸானின் இருபுறமும் பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வைத்து ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக்கிப் பெருக்கும் சோதனை) செய்தால் வடிவங்கள் பிரிந்துவிடும்.

என் பெரிய குறை, 14ஆம் நாளுக்கும் 28ஆம் நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளி. குட்டிகள் பால் மறப்பது அப்போதுதான். கீட்டோன்களை (கொழுப்பிலிருந்து கிடைக்கும் எரிபொருள்) பயன்படுத்தும் 3-ஹைட்ராக்சிபியூட்டிரேட் டிஹைட்ராஜினேஸ் என்ற நொதி எலி மூளையில் பால்குடிப் பருவத்தில் ஏறி, பால் மறந்தபின் இறங்கும். அந்தத் திருப்பத்தைப் பிடிக்க 17, 21, 24ஆம் நாட்களில் திசு எடுத்து நொதிச் செயலை நீங்களே அளக்க வேண்டும். அதை ஒரு மில்லிகிராம் புரதத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடுங்கள். பிறந்தபோது கிட்டத்தட்ட 88 சதவீதமாக இருக்கும் மூளையின் நீர், வளர்ந்தபின் 80க்கும் கீழே போகிறது. ஈர எடைக்குக் கணக்கிட்டால் இல்லாத உயர்வு தெரியும்.