நான்கு ஆண்டுகள் ஓடிய சிறு டிரெய்லர்: அச்சும் சக்கரமும் கேட்கும் இறுக்கம்

தனித்தனிப் பாகங்களாகப் பெட்டியில் வந்த ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்றை நான்கு ஆண்டுகளுக்கு முன் நானே பூட்டினேன். எந்த நட்டை எப்போது, எவ்வளவு முடுக்கினேன் என்பதை அன்று முதல் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். சட்டத்தையும் விளக்குகளையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இந்த நான்கு ஆண்டுகளும் நான் மீண்டும் மீண்டும் குனிந்து பார்த்தவை அச்சும் சக்கரங்களும் மட்டுமே.

பூட்டிய நாளில் எல்லா நட்டுகளையும் ஒரே வலுவோடு இறுக்கியதுதான் நான் செய்த பெரிய தவறு. கமான் பட்டையை அச்சோடு பிணைக்கும் யூ-போல்ட்டுக்கு நல்ல பிடிப்பு வேண்டும். ஆனால் சுமை ஏறும்போது பட்டை நீள்வதற்கு இடம் தரும் ஷேக்கிளின் (பட்டையின் முனையைச் சட்டத்தோடு இணைத்து ஊசலாடும் துண்டு) போல்ட்டையும் அதே வலுவில் முடுக்கிவிட்டேன். பட்டை அசைய வழியின்றிப் போகவே, வெறும் டிரெய்லர் ஒவ்வொரு பள்ளத்திலும் துள்ளியது. ஷேக்கிள் தடையின்றி ஊசலாடும் வரை நட்டைச் சற்றே தளர்த்தியதும் துள்ளல் பெருமளவு அடங்கியது. அங்கே இருப்பது நைலாக் நட் என்பதால், உள்ளிருக்கும் நைலான் வளையமே அதைக் கழலாமல் பிடித்துக்கொள்கிறது. அதைக் கழற்ற நேர்ந்தால் நான் புதிய நட்டையே போடுகிறேன்.

பேரிங்கை இறுக்குவது இதைவிட நுட்பமான வேலை. என் டிரெய்லரில் இருப்பவை கூம்பு வடிவ உருளை பேரிங்குகள். கையேடு 'சரியாக முடுக்கவும்' என்ற இரண்டே சொற்களோடு நிறுத்திக்கொண்டது. அது பெரிய குறை என்றே இன்றும் கருதுகிறேன். ஆட்டமே இருக்கக்கூடாது என்று எண்ணி இறுக்கியதன் விளைவாக, முதல் பயணத்தில் 30 கிலோமீட்டர் ஓடி நின்றபோது வலது ஹப் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதி) கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. பிரேக் இல்லாத டிரெய்லர் ஆதலால் அந்தச் சூட்டுக்கு பேரிங்கைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. திறந்து பார்த்தபோது கிரீஸ் இளகியிருந்தது. உருளைகளில் அதிகச் சூட்டால் வரும் நீலம் பாயவில்லை என்பதால் கழுவிப் புது கிரீஸ் அடைத்து மீண்டும் பயன்படுத்த முடிந்தது.

அதன் பிறகு நான் கைக்கொண்ட முறை இது: சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை முடுக்கி பேரிங்கை அதன் இருக்கையில் நன்கு அமரவைத்து, பின்பு ஹப்பைச் சுற்றவிடாமல் நட்டை முழுவதும் தளர்த்தி, விரல்களால் மட்டும் திருகிப் பொருத்திய நிலையில் காட்டர் பின் (நட் கழலாமல் குறுக்கே செருகும் கம்பி) துளை நேராக வருகிறதா என்று பார்க்கிறேன், வராவிட்டால் நட்டில் உள்ள அடுத்த காடி (பின் நுழையும் வெட்டு) நேராகும் வரை தளர்த்துவேனே தவிர இறுக்குவதில்லை. சக்கரத்தின் மேல்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பிடித்து அசைத்தால் மிகச் சிறிய ஆட்டம் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். காட்டர் பின் ஒவ்வொரு முறையும் புதிது.

வீல் நட்டுகளுக்குக் கையேடு தெளிவாக 110 நியூட்டன் மீட்டர் முறுக்கு என்று கொடுத்திருந்தது (நட் ஏறும் மரைத் தண்டான ஸ்டட்டின் அளவுக்கும் தரத்துக்கும் ஏற்ப இது மாறும் என்பதால், அவரவர் கையேட்டில் உள்ள எண்ணையே கொள்ள வேண்டும்). கூம்பு முகம் ரிம்மைப் பார்க்கும்படி நட்டை வைத்து, எதிரெதிர் வரிசையில், சக்கரம் ஜாக்கியில் உயர்ந்திருக்கும்போது பாதி அளவும், தரையில் இறக்கிய பின் முழு அளவும் முடுக்குகிறேன். மரையில் எண்ணெய் தடவக்கூடாது என்பதைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். நாம் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி உராய்வுக்கே செலவாகிறது. எண்ணெய் அந்த உராய்வைக் குறைத்துவிட்டால், டார்க் ரெஞ்ச் (முறுக்கின் அளவைக் காட்டும் ஸ்பானர்) அதே அளவைக் காட்டும்போதே ஸ்டட் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும்.

புதிதாகப் பூட்டியபின் 15, 40, 80 கிலோமீட்டரில் மறுபடி சோதித்தேன். முதல் முறை எட்டு நட்டுகளும் சிறிது திரும்பின; இரண்டாம் முறை மூன்று; மூன்றாம் முறை எதுவும் அசையவில்லை. ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே தடித்திருந்த பெயின்ட் நசுங்கியதே காரணம் என்று அடுத்த முறை சக்கரத்தைக் கழற்றியபோது தெரிந்தது. அந்த முகத்தைச் சுரண்டிச் சமப்படுத்திய பிறகு, சக்கரத்தைக் கழற்றி மாட்டினாலும் முதல் சோதனையிலேயே ஓரிரு நட்டுகளுக்கு மேல் திரும்புவதில்லை. ஆனாலும் மூன்று சோதனைகளையும் நான் விட்டதில்லை.

யூ-போல்ட்டும் இப்படித்தான். முதல் முழுச் சுமைக்குப் பின் நான்கு கால்களிலும் நட்டுகள் ஏறத்தாழ அரைச் சுற்று ஏற்றுக்கொண்டன. ஆறு மாதங்களுக்குப் பிறகு அசைவே இல்லை. இரு பக்கமும் வெளியே நீண்டிருக்கும் மரை ஒரே அளவாக இருக்கும்படி சிறிது சிறிதாக மாற்றி மாற்றி முடுக்கினால் யூ-போல்ட் பிடித்திருக்கும் தகடு சாயாது.

நட்டின் மீதும் ஸ்டட்டின் மீதும் ஒரே கோடாக மஞ்சள் பெயின்ட் இழுத்து வைத்திருக்கிறேன். புறப்படும் முன் ஒரு பார்வையில் பார்த்துவிட அது உதவுகிறது. ஆயினும் அந்தக் கோடு நட் திரும்பியதை மட்டுமே காட்டும். ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே உள்ள பெயின்ட் நசுங்கிப் பிடிப்பு குறையும்போது நட் திரும்புவதே இல்லை, கோடும் நேராகவே நிற்கும். ஆகவே நீண்ட பயணத்துக்கு முன் கோட்டைப் பார்த்த பிறகும் டார்க் ரெஞ்சை எடுத்து எட்டு நட்டுகளிலும் வைத்துப் பார்க்கிறேன்.