விடுதியா, அறையா, தினமும் ரயிலா?

கல்லூரிக் கட்டணத்துக்கு எல்லா வீட்டிலும் எப்படியோ பணம் புரட்டிவிடுகிறோம். பிள்ளை எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்பதைச் சேர்ந்த பிறகுதான் யோசிக்கிறோம். எங்கள் குடும்பத்தில் மூன்று வழிகளையும் பார்த்தாயிற்று.

திண்டிவனத்திலிருந்து தாம்பரம் பக்கம் உள்ள கல்லூரிக்கு என் மகள் முதல் செமஸ்டர் முழுக்க ரயிலில்தான் போய்வந்தாள். செலவைப் பார்த்தால் இதற்கு ஈடே இல்லை. மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு வரை இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம். கல்லூரிச் சான்று கொடுத்தால் போதும். பையன்களுக்குப் பிளஸ் டூ வரைதான் இலவசம், பிறகு பாதிக் கட்டணம். டீ, ஷேர் ஆட்டோ எல்லாம் சேர்த்து மாதம் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டவில்லை. ஆனால் காலை நாலரைக்கு எழுந்தவள் இரவு எட்டு மணிக்கு வருவாள். ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிறேன், தட்டில் கை வைத்தபடியே தூங்கிவிட்டிருந்தாள். அன்றைக்கே விடுதியில் சேர்ப்பதென்று முடிவு செய்துவிட்டோம். ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம் என்றால் மட்டும் ரயிலை நம்புங்கள்.

விடுதிக்கு மெஸ்ஸோடு ஆண்டுக்கு 96,000 ரூபாய். கேட்டதும் தலை சுற்றியது. அதே நேரம் என் அக்கா மகன் மூன்று நண்பர்களோடு அறை எடுத்திருந்தான். வாடகை 12,000, தலைக்கு 3,000. "விடுதியில எதுக்குடி இவ்வளவு கொட்டுறே?" என்று அக்கா கேட்டாள். சரி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய ஜிபே கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் எழுதிப் பார்த்தோம்.

வாடகை பன்னிரண்டு மாதத்துக்கும் உண்டு. மே மாதம் அவன் ஊரில் இருந்தாலும் கொடுத்தாக வேண்டும். அதுவே 36,000. அரிசி, காய், கேஸ், சப்மீட்டரில் யூனிட்டுக்கு 9 ரூபாய் வீதம் கரண்ட், தண்ணீர் கேன், சமைக்கச் சோம்பிய நாட்களில் வாங்கிய புரோட்டா என்று மாதம் 5,500. பத்து மாதத்துக்கு 55,000. ஆக 91,000. வித்தியாசம் வெறும் ஐயாயிரம்தான். இதுபோக அட்வான்ஸில் அவன் பங்காக 15,000 முடங்கிக் கிடந்தது. நடுவில் ஒரு பையன் காலி செய்துகொண்டு போனதும் வாடகைப் பங்கு 4,000 ஆனது. அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

அதற்காக அறையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். மூன்றாம் ஆண்டில், சமைக்கத் தெரிந்த, நன்றாகப் பழகிய நண்பர்களோடு என்றால் அது நல்ல வழிதான். யார் விலகினாலும் அந்தப் பங்கை யார் கொடுப்பது என்று மட்டும் முதலிலேயே பேசிவிட வேண்டும். முதலாண்டுப் பிள்ளைக்கு வேளாவேளைக்குச் சோறு கிடைப்பதுதான் முக்கியம். அதனால் விடுதிதான் என் தேர்வு. அப்புறம், அரசு நடத்தும் விடுதிகளை (இப்போது சமூகநீதி விடுதிகள் என்று பெயர்) விசாரிக்காமல் விடாதீர்கள். தகுதி இருந்தால் தங்குமிடமும் சாப்பாடும் இலவசம்.

விடுதியில் உள்ள ஒரே கஷ்டம், பணத்தை மொத்தமாகக் கேட்பார்கள். கல்விக் கடனில் விடுதிக் கட்டணத்தையும் சேர்க்கலாம். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை என்றாலும் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். நகையை அடகு வைத்தால் மீட்கும் வரை தூக்கம் வராது. சீட்டு எடுத்தால், வேண்டிய மாதத்தில் கிடைக்கத் தள்ளுபடி கொடுக்க வேண்டும். நேரம் இருப்பவர்களுக்கு அஞ்சலகத் தொடர் வைப்புதான் சரி. அது ஐந்து வருடக் கணக்கு; எட்டாம் வகுப்பு சேரும் ஜூனில் தொடங்கினால் கல்லூரி சேரும் ஜூனில் கைக்கு வரும். மாதம் 1,500 போட்டால் வட்டியோடு ஒரு லட்சத்தைத் தாண்டும், முதலாண்டு விடுதிக்கு அது போதும்.

அரசுப் பள்ளியில் படித்த மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அதை நாங்கள் தொடுவதில்லை. ஞாயிறு இரவு மெஸ் கிடையாது; அன்றைய சாப்பாடு, சோப்பு, நாப்கின், ஜெராக்ஸ் எல்லாம் அதில்தான். சின்னவன் இப்போது பத்தாம் வகுப்பு. அவனுக்கான அஞ்சலகக் கணக்கில் இருபத்தைந்து தவணை கட்டியாயிற்று.