வளவுக்குள் நாலு பேய்ப்படம்: ஒரு பழைய ஆபரேட்டர் போட்ட மார்க்

டிக்கெட் ரூ.600, ராச்சாப்பாடு சேர்த்து. கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய செட்டியார் வீட்டில் வருஷத்துக்கு ஒரு ராத்திரி விடிய விடியப் பேய்ப்படம் போடுகிறார்கள். இது ஐந்தாவது வருஷமாம். எனக்கு இதுதான் முதல் தடவை. 1978-ல் டூரிங் டாக்கீஸில் ரீல் பெட்டி தூக்கத் தொடங்கி, அப்புறம் காரைக்குடி சுற்றுவட்டாரக் கொட்டகைகளில் முப்பது வருஷம் ஆபரேட்டராக இருந்தவன் நான். அதனால் படத்தைப் பற்றிக் குறைவாகவும் அதைப் போட்ட விதத்தைப் பற்றி நிறையவும் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இருட்டு. வளவுக்கு, அதாவது வீட்டு நடு முற்றத்துக்கு, மேலே வானம்தான். நிலா இருந்தால் திரை வெளுத்துப்போகும். இதை நடத்தும் பிள்ளைகள் அமாவாசையை ஒட்டிவரும் சனிக்கிழமையாகப் பார்த்துத் தேதி வைக்கிறார்கள். "அமாவாசையும் அதுவுமா பேயை வெத்தலை பாக்கு வச்சு அழைக்கிறாய்ங்க" என்று டீக்கடையில் ஒருவர் சலித்துக்கொண்டார். தொழில்காரனாகச் சொல்கிறேன், அதைவிட நல்ல நாள் கிடைக்காது. அந்த வீட்டில் ஏழு புள்ளிக்கு, அதாவது ஏழு குடும்பத்துக்கு, பங்கு. சென்னையில் சிலர், சிங்கப்பூரில் சிலர். ஏழு பேரையும் சரி என்று சொல்லவைத்தவர்கள் பேயை ஓட்டச் சொன்னாலும் ஓட்டிவிடுவார்கள்.

முகப்பிலேயே செல்போனை வாங்கி ஒரு எவர்சில்வர் அண்டாவில் போட்டுவிட்டு டோக்கன் தருகிறார்கள். மதுரையிலிருந்து வந்த பழைய ஆட்கள் கேட்பதற்கு முன்பே நீட்டினார்கள். அவர்கள் ஏழெட்டுப் பேர், வருஷா வருஷம் அதே பட்டாலை மேடையில் அதே பாயில்தான் உட்காருவார்களாம். தெரியாமல் நான் அங்கே துண்டைப் போட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார்கள். எடுத்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனேன். பர்மா தேக்கு, கட்டிப்பிடிக்க ரெண்டு கை பத்தாது. பாதித் திரை எனக்குத் தெரியவில்லை. எட்டரைக்கே போய்விடுங்கள்.

ஒன்பது மணி என்றார்கள், பேச்செல்லாம் முடிந்து ஒன்பது நாற்பதுக்குத்தான் ஆரம்பித்தார்கள். முதல் படம் 1922-ல் எடுத்த ஜெர்மன் மௌனப்படம், 'நோஸ்ஃபெரட்டு'. டிராகுலா கதையை அனுமதி வாங்காமல் எடுத்ததால் அந்தக் கதையை எழுதியவரின் மனைவி கோர்ட்டுக்குப் போய், பிரதிகளை எல்லாம் அழிக்க உத்தரவு வாங்கினார். அதில் தப்பியதைத்தான் உலகம் பார்க்கிறது. இங்கே அதற்கு உருமியும் ஒரு ஹார்மோனியமும் கூட உட்கார்ந்து வாசித்தார்கள். உருமித் தோலில் குச்சி இழையும்போது வரும் அந்த முனகலை வளவுச் சுவர் வாங்கித் திருப்பித் தந்ததே, அதற்கே ரூ.600 சரியாகப்போனது.

நடுவில் பேயின் குதிரை வண்டி வரும் இடம். வண்டி குடுகுடுவென்று ஓடியது. எனக்குப் பொறுக்கவில்லை. பேசும்படம் நொடிக்கு 24 பிரேம், மௌனப்படம் அதைவிட மெதுவாக எடுத்தது, வேகத்தை மாற்றாமல் ஓட்டினால் இப்படித்தான் ஆகும். எழுந்து லேப்டாப் பையனிடம் போனேன். "தம்பி, ஸ்பீடு தப்பு."

அவன் திரும்பாமலே சொன்னான்: "இல்லீங்கய்யா, அந்த சீனை மட்டும் டைரக்டரே அப்படி எடுத்திருக்காரு. இப்ப காடு வெள்ளையா மாறும் பாருங்க, நெகட்டிவை அப்படியே சேர்த்திருப்பாரு."

மாறியது. மரமெல்லாம் சுண்ணாம்பு அடித்தமாதிரி நின்றது. பேசாமல் தூணுக்கே வந்தேன்.

அடுத்தது 'அதே கண்கள்', 1967, ஏவி.எம். எடுத்த மர்மப் படம். டூரிங் டாக்கீஸில் நானே எத்தனையோ தடவை ஓட்டியது. பழைய பிரதியிலிருந்து எடுத்திருப்பார்கள் போல. ரீல் முடியும் இடத்தில் வலது மேல்மூலையில் அந்தப் புள்ளி வந்தது. ரெண்டாவது மிஷினை ஓட்டச் சொல்லும் புள்ளி. என் கை தானாக எழுந்துவிட்டது. பக்கத்தில் இருந்த பையன் நான் பயந்துவிட்டேன் என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

ஒரு குறை இங்கே உண்டு. ஏவி.எம். முதலாளி மெய்யப்பச் செட்டியார் காரைக்குடிக்காரர். தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு 1947-ல் 'நாம் இருவர்' கொடுத்துவிட்டுத்தான் மெட்ராஸுக்குப் போனார். நாற்பது நிமிஷம் பேசினார்களே, அதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

நடுராத்திரி தாண்டிச் சாப்பாடு. இடியாப்பம், கோழிக் குழம்பு, கவுனி அரிசி. குழம்பு நன்றாக இருந்தது, ஆறியிருந்தது. கந்தரப்பம் எனக்கு முந்திய ஆளோடு தீர்ந்துபோனது. கக்கூஸ் மூன்றாங்கட்டைத் தாண்டி, வழியில் ஒரே ஒரு பல்பு. படம் பார்த்துவிட்டுத் தனியாகப் போக ஒருத்தருக்கும் தைரியமில்லை, நாலு நாலு பேராகத்தான் போனார்கள். வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள் என்றுதான் சந்தேகம்.

மூன்றாவது ஒரு காமெடிப் பேய்ப்படம். தூங்கிவிட்டேன். நான் எழுந்தபோது ஓடிய நாலாவதை ஜெனரேட்டர் சத்தம் தின்றது. பின்வாசலை ஒட்டி வைத்திருந்தார்கள். பேய் மூச்சுவிடாமல் நிற்கும் இடத்தில் டீசல் இரைந்தால் யாருக்குப் பயம் வரும்? கரண்டு வந்ததும் அணைக்கக்கூட ஆள் இல்லை.

என் எதிரில் ஒரு ஆச்சி, எழுபது இருக்கும். முதல் வருஷத்திலிருந்து வருகிறாராம். நாலு படமும் கண் திரையில், கை ஓலையில், கொட்டான் கூடை பின்னிக்கொண்டே இருந்தார். விடிந்ததும் காட்டினார். அடியில் பின்னல் சீராக இருந்தது. நடுவில் ரெண்டு வரிசை மட்டும் விரல்நகம் நுழையாத இறுக்கம். "இது அந்த மொட்டைத்தலையன் கப்பல்ல எந்திரிச்சு நின்னப்ப" என்றார், முதல் படத்துப் பேயைச் சொல்கிறார். மேல் பக்கம் தொளதொளவென்று இருந்தது. அது காமெடிப் படமாம்.

காலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் அண்டாவைச் சுற்றி முண்டியடித்தார்கள். பத்துக்கு ஆறரை போடலாம். அடுத்த வருஷம் போகிறவர்கள் டார்ச் ஒன்று கொண்டுபோங்கள், அதை அண்டாவில் கேட்கமாட்டார்கள்.