அரசுத் தேர்வா, கம்பெனி வேலையா, சொந்தத் தொழிலா: மாற்றுத்திறனாளிகளுக்கு எது தோது?

படிப்பு முடிந்ததும் மாற்றுத்திறனாளி இருக்கும் வீடுகளில் ஒரே பேச்சுதான் ஓடும். "குரூப் 4 எழுதட்டும், கோட்டா இருக்கிறது" என்பார் அப்பா. "எனக்குத் தெரிந்த கம்பெனியில் சொல்லிச் சேர்த்துவிடுகிறேன்" என்பார் மாமா. "எதற்கு அலைச்சல்? பேசாமல் ஒரு கடை வைத்துக் கொடுத்துவிடுங்கள்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். வேலைக்குப் போகவேண்டியவரின் வாயிலிருந்து மட்டும் ஒரு வார்த்தையும் வந்திருக்காது.

நான் காலிப்பர் என்ற கால் தாங்கியைப் போட்டு நடக்கிறவன். தனியார் அலுவலகம் ஒன்றில் குப்பை கொட்டுகிறவன். அதனால் இந்தப் பஞ்சாயத்துக்கு அடிக்கடி அழைப்பு வரும். எல்லோரும் சம்பளத்தை வைத்தே ஒப்பிடுகிறார்கள். நான் வேறொன்றை வைத்து ஒப்பிடுவேன்: சேர்ந்த மறுநாள் உங்களுக்குத் தேவைப்படும் சாய்தளம், மென்பொருள், சைகை மொழி, கழிப்பறை, நேர மாற்றம் ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு? அரசா, முதலாளியா, நீங்களேயா? இந்தக் கேள்விக்கு மூன்று வழிகளும் மூன்று விதமாகப் பதில் சொல்கின்றன.

அரசு வேலை

சட்டம் மிக உறுதியாகத் துணை நிற்பது இங்கேதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, பழைய 3 சதவீத ஒதுக்கீடு 4 சதவீதமானது. பார்வைக் குறைபாட்டுக்கு 1, செவித்திறன் குறைபாட்டுக்கு 1, கை கால் இயக்கக் குறைபாட்டுக்கு 1. மிச்சமுள்ள 1 சதவீதத்தை ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய அனைவரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் கட்டணம் கிடையாது. வயது வரம்பில் பத்து ஆண்டு தளர்வு உண்டு. சொல்வதை எழுதுபவர் தேவைப்படுகிறவர்களுக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். மூன்று மணி நேரத் தேர்வென்றால் முழுதாக ஒரு மணி நேரம்.

இவற்றையெல்லாம்விட நான் பெரிதாக மதிப்பது அந்தச் சட்டத்தின் 20-ஆவது பிரிவை. ஊழியருக்கு வேண்டிய வசதிகளைச் செய்துதருவது அரசு நிறுவனங்களின் கடமை என்கிறது அது. பணியில் இருக்கும்போது விபத்தில் கால் போனாலும், பார்வை போனாலும் வேலையைவிட்டு அனுப்பக்கூடாது, பதவி இறக்கக்கூடாது. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். தனியார் வேலையில் இப்படி ஒரு காப்பு இல்லை. நீதிமன்றமும் இந்தப் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது. பார்வையற்றவர் என்ற காரணத்தாலேயே ஒருவருக்கு நீதித்துறைப் பணி வாய்ப்பை மறுக்க முடியாது என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு எழுதச் சொல்லிவிடலாமே? அங்கேதான் சிக்கல். பத்து ஆண்டுத் தளர்வு என்பதைப் பத்து ஆண்டுக் காத்திருப்பு என்று புரிந்துகொள்ளும் வீடுகள் நிறைய. இருபத்திரண்டு வயதில் கோச்சிங் சேர்ந்தவர், முப்பதைத் தாண்டியும் அதே குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பார். கோட்டாவில் இருப்பவர்களுக்குள்ளும் கடும் போட்டி இருக்கிறது. அதோடு எல்லாப் பதவியும் எல்லாக் குறைபாட்டுக்கும் திறந்திருப்பதில்லை. எந்தப் பணி யாருக்குப் பொருந்தும் என்று அரசே பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் பலர்.

சேர்ந்த பிறகும் எல்லாம் சட்டப்படி நடந்துவிடாது. பார்வையற்ற இளநிலை உதவியாளர் ஒருவரின் மேசையைப் பாருங்கள். கணினியில் என்விடிஏ இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் திரைவாசிப்பு மென்பொருள். யூனிகோட் என்ற பொதுக் குறியாக்கத்தில் தட்டச்சான தமிழ்க் கடிதத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கும். அடுத்த கோப்பு பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததாக இருந்தால், அதே மென்பொருள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக உளறும். அதற்கடுத்தது காகிதத்தை ஸ்கேன் செய்து போட்ட பிடிஎஃப் என்றால் வாயே திறக்காது. பக்கத்து இருக்கைக்காரர் படித்துச் சொல்ல வேண்டும். அவர் விடுப்பில் போனால் கோப்பு நகராது. "அவரால் வேகமாக வேலை பார்க்க முடியவில்லை" என்ற பெயர் மட்டும் வந்து சேரும். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010-இல் என்பதைக் கொஞ்சம் எரிச்சலோடுதான் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தனியார் நிறுவனம்

இங்கே சட்டத்தின் குரல் தணிந்துவிடுகிறது. தனியாருக்கு ஒதுக்கீடு கட்டாயமில்லை. ஊழியர்களில் 5 சதவீதமாவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்படி ஊக்கத்தொகை கொடுங்கள் என்று அரசுகளைக் கேட்டுக்கொள்வதோடு அதே சட்டத்தின் 35-ஆவது பிரிவு நின்றுவிடுகிறது. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி, அதற்கென ஒரு தொடர்பு அலுவலரையும் வைக்க வேண்டும். அவ்வளவுதான். ஜப்பானில் தனியாருக்கும் ஒதுக்கீடு கட்டாயம்; 2024 ஏப்ரலில் அது 2.5 சதவீதமானது. நூறு பேருக்கு மேல் உள்ள நிறுவனம் தவறினால், குறையும் ஒவ்வோர் ஆளுக்கும் மாதம் 50,000 யென் கட்ட வேண்டும். நம் ஊரில் நல்ல மனம் படைத்த மேலாளர் வாய்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

இருந்தும், பல பேருக்கு இதையே முதலில் சொல்வேன். காரணம் வேகம். மூன்று மாதப் பயிற்சி, நேர்முகத் தேர்வு, அடுத்த மாதம் கையில் சம்பளம். இஎஸ்ஐ மருத்துவக் காப்பீட்டில் சேர மாதச் சம்பள வரம்பு மற்றவர்களுக்கு 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000 என்பதால் மருத்துவச் செலவுக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கும். முன்மாதிரிகளும் இல்லாமல் இல்லை. ஓசூரில் டைட்டன் கடிகார ஆலை தொடக்க காலம் முதலே மாற்றுத்திறனாளிகளைச் சேர்த்துவந்தது. லெமன் ட்ரீ ஓட்டல்களில் காது கேளாதோரும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களும் வேலை செய்கிறார்கள்.

காது கேளாதவர்களுக்குத் தொழிற்சாலை வேலை நன்றாகப் பொருந்துகிறது என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். "கவனம் சிதறாது, அரட்டை இருக்காது" என்று மனிதவள அதிகாரிகள் பாராட்டுவார்கள். எனக்கு அந்தப் பாராட்டு பிடிப்பதில்லை. வேலை தொடங்குமுன் மேற்பார்வையாளர் எல்லோரையும் நிற்கவைத்து ஐந்து நிமிடம் பேசுவார்: இன்று எந்த இயந்திரம் ஓடாது, யாருக்கு ஷிப்ட் மாறுகிறது, நேற்று என்ன பிழை நடந்தது. காது கேளாதவர் அந்த ஐந்து நிமிடமும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு நண்பர் ஒருவர் இரண்டு சைகையில் சொல்வதுதான் அவருக்குக் கிடைக்கும் செய்தி. ‘வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுகிறோமே’ என்பார்கள். சைகை மொழியில் வளர்ந்தவர்கள் பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழிதான் என்பது அவர்களுக்கு உறைக்காது. அந்தக் குழுவில் நாலைந்து பேர் அடிப்படைச் சைகை கற்றுக்கொண்டால் நிலைமை மாறும். செலவும் பெரிதில்லை. அப்படிச் செய்யாத இடங்களில், சேர்ந்த வரிசையிலேயே ஆண்டுக்கணக்கில் இருப்பார்கள். கூடச் சேர்ந்தவர் மேற்பார்வையாளர் ஆகியிருப்பார்.

சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், முக்கியமாகப் பெண்கள், கேட்க வேண்டியது வேறு. கழிப்பறைக் கதவு எத்தனை அகலம்? நாற்காலி உள்ளே போகாத அலுவலகத்தில், காலையிலிருந்து மாலை வரை தண்ணீர் குடிக்காமலே வேலை பார்க்கிற பெண்கள் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று வந்து விடுப்பு எடுத்தால், ‘உடம்புக்கு முடியாதவர்’ என்று கணக்கெழுதிவிடுவார்கள். நேர்முகத் தேர்வன்றே போய்ப் பார்த்துவிடுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு எப்படிப் போவீர்கள் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அரசு கொடுக்கும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் கிடைத்த பிறகுதான் வேலைக்குப் போக முடிந்தது என்று சொல்லும் பலரை எனக்குத் தெரியும்.

பயிற்சி மையங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்பு சேவை மையம், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் என்று பெயர் சொல்லும்படியான இடங்கள் இருக்கின்றன. தெருவுக்கொன்றாக முளைக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் வேறு ரகம். பெயர் வேண்டாம், ஒரு மையத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான கணினி வகுப்பையே லிஃப்ட் இல்லாத முதல் மாடியில் வைத்திருந்தார்கள். கைப்பிடியைப் பற்றி நான் ஏறி முடித்தபோது பாதி வகுப்பு ஓடியிருந்தது. எந்த மையமானாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். போன அணியை எந்தெந்த நிறுவனம் எடுத்துக்கொண்டது? அவர்களில் எத்தனை பேர் ஒரு வருடம் கழித்தும் அங்கே இருக்கிறார்கள்? முதல் கேள்விக்குச் சுவரில் மாட்டிய புகைப்படத்தைக் காட்டுவார்கள். இரண்டாவதற்குப் பதில் வைத்திருக்கும் மையத்தில் தயங்காமல் சேரலாம்.

சொந்தத் தொழில்

கடன் விவரம் கேட்க நன்றாகத்தான் இருக்கும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளின் சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். மானியம் கிராமத்தில் 35, நகரத்தில் 25 சதவீதம். கிராமத்தில் ஐந்து லட்சத்துக்குத் தையல் கூடம் போட்டால் கையிலிருந்து 25,000 ரூபாய், மானியம் 1,75,000. ஆனால் அந்த மானியம் கைக்கு வராது. வங்கியில் மூன்று ஆண்டு வைப்பாக இருந்து, பிறகுதான் கடனில் கழியும். அதுவரை தவணை தவறக்கூடாது.

என் கண்ணில் படும் பெரிய கோளாறு கடனில் இல்லை, கல்லாவில் இருக்கிறது. கடை தம்பி பேரில், கல்லாவில் அண்ணன். மாற்றுத்திறனாளியின் அடையாள அட்டை கடனுக்கும் ஆவின் பாலகத்துக்கும் பயன்பட்டுவிடும்; அவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். கைத்தொழில் ஏற்கெனவே தெரிந்தவருக்கு, தையலோ செல்போன் பழுதுபார்ப்போ எதுவாயினும், இது அருமையான வழி. தன் உடம்புக்கு ஏற்ற நேரத்தில் திறக்கலாம், மேசையைத் தன் உயரத்துக்கு அடித்துக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வேறு எதுவும் சரிவரவில்லை என்பதற்காக வைத்துக் கொடுக்கும் கடை ஒரு வருடம் தாங்குவதே அபூர்வம். வசதிகளுக்கான மொத்தச் செலவும் இங்கே உங்கள் தலையில்தான் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம்

மேலே சொன்ன மூன்றும் இவர்களுக்குப் பெரும்பாலும் எட்டாது. அந்த 1 சதவீத ஒதுக்கீட்டில் போட்டித் தேர்வு எழுதக்கூடியவர்களே முன்னால் நிற்பார்கள். இவர்களுக்கான தெரிவு வேறு: சிறப்பு மையத்திலேயே வேலையா, வெளியே உண்மையான பணியிடமா?

மையம் என்றால் நம் ஊரில் மெழுகுவத்தி, பினாயில், காகிதக் கவர். வாங்க ஆள் இருக்கிறதோ இல்லையோ, தயாரிப்பு நிற்காது. தீபாவளிக்குக் கண்காட்சி வைத்து உறவினர்களிடம் விற்பார்கள். எல்லா மையங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காக ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்க உதவியோடு காட்பாடியில் தொடங்கிய வொர்த் டிரஸ்ட், இயந்திர உதிரிபாகங்களும் பெர்கின்ஸ் பிரெய்ல் தட்டச்சுப் பொறியும் செய்கிற முறையான தொழிற்கூடம். சந்தைக்கு வேண்டிய பொருளைச் செய்தால் பட்டறையும் கௌரவமான வேலைதான்.

வெளியே பணியிடத்தில் வேலை என்ற இரண்டாவது வழி அமெரிக்காவில் 1980-களில் பரவியது. முதலில் வேலையில் சேர்த்துவிட்டு, பயிற்றுநரும் கூடவே போய் அந்த இடத்திலேயே கற்றுக்கொடுப்பது. ஓர் அறையில் கற்றதை இன்னோர் அறைக்கு எடுத்துப்போவது இவர்களில் பலருக்குக் கடினம் என்பதால்தான் இந்த ஏற்பாடு. மையத்தில் தட்டு அடுக்கக் கற்றவருக்கு ஓட்டல் சமையலறையில் அலமாரி வேறு, சத்தம் வேறு, அவசரம் வேறு. அங்கேயே பயிற்றுநர் முதல் வாரம் தோளோடு தோள் நிற்பார், பிறகு இரண்டடி தள்ளி, பிறகு வாரம் ஒருமுறை தொலைபேசியில். ஒருவருக்கு ஒருவர் என்பதால் தொடக்கத்தில் செலவு அதிகம். நம் ஊரில் இத்தகைய பயிற்றுநர்களும் குறைவு. இருந்தாலும் என்னைக் கேட்டால், இருபது வயதுப் பையனை ஐந்தாவது ஆண்டாக மெழுகுவத்தி வார்க்க அனுப்புவதற்குப் பதில், தெரிந்த பேக்கரியில் தினம் இரண்டு மணி நேரம் பெட்டி மடிக்கக் கேட்டுப்பாருங்கள் என்பேன். சிறிய தொகையானாலும் சம்பளமாகவே பேசுங்கள்.

மாதாமாதம் வரும் அரசு உதவித்தொகை நின்றுவிடுமோ என்று அம்மாக்கள் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். ஒவ்வோர் உதவித்தொகைக்கும் நிபந்தனை வேறு வேறு என்பதால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டுப் பதிலையும் எழுத்திலேயே வாங்கிவிட்டு, பிறகு பேக்கரிக்காரரிடம் நாள் குறியுங்கள்.